அரக்கனும் வினாத்தாளும்



சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நாங்கள் ஆசிரியர்கள் இருவரும் ஐந்து பிள்ளைகளை வைத்து என்னதான் விளையாடுகிறோம் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். அதைச் சொல்லவும், அதில் நாங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்லவும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கெரி கைகெக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளியிட்டது. ஃபோனும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஒருவர் கதை சொல்வார்: "குகைக்குள்ள ஒரு அரக்கன் நிக்கிறான். என்ன செய்யப் போறீங்க?" பிள்ளைகள் ஒவ்வொருவரும் கதையில் ஒரு வீரர். அடிப்பதா, ஓடுவதா, பேசிப் பார்ப்பதா என்பது அவர்களின் முடிவு. அது பலித்ததா என்பதை 20 பக்கப் பகடை சொல்லும்.

பகடை கூடுமா என்று சிலர் கேட்டீர்கள். பேணுதலுக்காக நாங்கள் பகடையே எடுப்பதில்லை. 1 முதல் 20 வரை எழுதிய அட்டைத் துண்டுகளைப் பையில் போட்டு எடுக்கிறோம். இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. 1979இல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்தக் கம்பனியே பெட்டிக்குள் இலக்கத் துண்டுகளை வைத்துத்தான் விற்றது.

இனிப் பிழைக்கு வருவோம்.

ஒரு மாதத்தில் பிள்ளைகள் நன்றாகத் தேறிவிட்டார்கள். "சேர், அரக்கன் டக்கெண்டு செத்துப் போறான். கஷ்டமான ஒண்டத் தாங்க" என்றார்கள். ஓகர் என்று ஒரு பெரிய அரக்கன் உண்டு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் அவனுக்கு 59 உயிர்ப்புள்ளி. அதை மூன்றால் பெருக்கி 177 ஆக்கினோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

அன்று ஒன்றரை மணித்தியாலம் சண்டை. ஓகரை அடிப்பது லேசு. துண்டில் வரும் இலக்கத்தோடு வீரனின் திறமைப் புள்ளியைக் கூட்டி 11 வந்தால் அடி பட்டுவிடும். பிள்ளைகள் ஐந்து முறை அடிக்க, அவன் ஒரு முறை திருப்பி அடிப்பான். "அடிக்கிறன் சேர்." "நானும் அடிக்கிறன் சேர்." இதேதான் திரும்பத் திரும்ப. கடைசியில் அவன் விழுந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. ஒரு பிள்ளை மட்டும், "முடிஞ்சா சேர்? போகலாமா?" என்று கேட்டது. அடுத்த சனிக்கிழமை மூன்று பேர்தான் வந்தார்கள்.

பிறகு உட்கார்ந்து யோசித்தோம். அரக்கனை நாங்கள் கஷ்டமாக்கவில்லை, நீளமாக்கியிருக்கிறோம். 177 புள்ளிக்கும் பிள்ளைகள் புதிதாக ஒரு முடிவுகூட எடுக்க வேண்டி வரவில்லை.

இந்த விளையாட்டுக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு கதை உண்டு. 1987இல் ட்ராகன் சஞ்சிகையின் 127ஆம் இதழில் வந்தது. டக்கர் என்பவர் நடத்திய ஆட்டத்தில் கோபோல்ட் என்ற குள்ளப் பிராணிகள், பெரிய பெரிய வீரர்களையே ஓட ஓட விரட்டினவாம். 2014 பதிப்புக் கணக்கில் ஒரு கோபோல்டுக்கு வெறும் 5 உயிர்ப்புள்ளி. ஆனால் டக்கரின் கோபோல்டுகள் வெளியில் வந்து நின்று சண்டை பிடிக்கவில்லை. ஒடுக்கமான சுரங்கங்களுக்குள் இருந்துகொண்டு வழியை அடைத்தன, நெருப்பு வைத்தன, சுவர்த் துளைகளால் அம்பு எய்தன.

நாங்களும் அப்படியே செய்தோம். ஆறு கோபோல்ட், ஆளுக்கு 5 புள்ளி. மொத்தம் 30. ஐந்து பிள்ளைகளையும் வரவழைத்துச் சண்டையைத் தொடங்கினோம். பத்து நிமிடத்தில் இரண்டு வீரர்கள் விழ, மற்ற மூவரும் அவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியில் ஓடினார்கள். பிறகு ஐந்து தலையும் ஒரு கொப்பியின் மேல் குனிந்தன. சுரங்கத்தைக் கீறிப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், அழித்துவிட்டு மறுபடி கீறினார்கள்.

அதில் ஒரு பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது. அது மெதுவாகக் கேட்டது: "சேர், அந்தப் பொந்துக்கு எத்தின வாசல்?" மூன்று என்றோம். "அப்ப ரெண்ட அடச்சிட்டு ஒண்டுல புகை போடுவம். வாப்பா வயல்ல எலிக்கு அப்பிடித்தான் செய்வாரு."

ஆறு கோபோல்டும் இருமிக்கொண்டு வெளியில் வந்தன. அன்றைய சத்தம் பக்கத்து வீட்டாருக்கும் கேட்டிருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைக்குக் கடந்த தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 28 புள்ளி. அந்த வினாத்தாளைத் தயாரித்தவர்களும் நாங்கள்தான். முந்திய தாள் லேசு என்று பேச்சு வந்ததால், 30 கேள்வியை 45 ஆக்கியிருந்தோம். அதே மாதிரிக் கணக்குகள், நேரமும் அதேதான். ஓகருக்குச் செய்ததைப் பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறோம். வேகமாக எழுதத் தெரிந்தவர்கள் தப்பினார்கள். மூன்று வாசலில் இரண்டை அடைக்கத் தெரிந்த பிள்ளைக்கு 28 போட்டு, கீழே சிவப்புப் பேனையால் "முயற்சி போதாது" என்றும் எழுதினோம். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த தவணை எங்கள் தாளில் கேள்விகள் குறையும். ஆனால் யோசிக்காமல் செய்யக்கூடிய கேள்வி ஒன்றும் இருக்காது, இன்ஷா அல்லாஹ். தாள் சின்னதாக இருக்கிறதே என்று பெற்றோர் அவசரப்பட்டுக் கோபிக்க வேண்டாம். பிள்ளையிடம் ஒரு கேள்வியையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வருகிற சனிக்கிழமை ட்ரோல் என்ற அரக்கன் வருகிறான். எவ்வளவு வெட்டினாலும் ஒவ்வொரு சுற்றிலும் 10 புள்ளி திரும்ப வளர்ந்துவிடும். நெருப்போ அமிலமோ பட்டால் மட்டும் அந்தச் சுற்றில் வளராது.

இதைத் தயவுசெய்து பிள்ளைகளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.