அம்மா விரல் சுட்ட கதை

1/ டூட்டி முடிச்சு சேத்தியாத்தோப்பு வீட்டுக்கு வந்தா, அம்மாவின் ஆள்காட்டி விரலில் டூத்பேஸ்ட். காரணம் நான்தான். சொல்றேன் மக்களே.

2/ அம்மா பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, குழந்தைகளுக்கு விரிப்பு தைப்பாங்க. தையலைத் தேய்க்க கம்பளி மேட் வேணும்னு கேட்டாங்க. கம்பளி சூட்டைப் பிடிச்சு வெச்சு அடியிலிருந்தும் தரும், நீராவியையும் உறிஞ்சும். தையல் சீக்கிரம் படியும்.

3/ விலையைப் பாத்துட்டு, "எதுக்கும்மா செலவு? பரண்ல இருக்க கம்பளியை நாலா மடிச்சுக்கோங்க"ன்னேன். யோசனை சரி. ஆனா அது பாலியெஸ்டர்!

4/ பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும், அதுக்கு முன்பே இளகும். காட்டனுக்கு வெச்ச இஸ்திரிப் பெட்டி 200 டிகிரியைத் தொடும். இளகினது பெட்டியில் ஒட்டும், தோலிலும் ஒட்டும். ஆட்டு ரோமம் உருகாது, கருகும்.

5/ எப்படிக் கண்டுபிடிக்க? ஒரு நூலை இடுக்கியில் பிடிச்சு, பக்கத்தில் தண்ணீர் வெச்சுக்கிட்டுக் கொளுத்துங்க. முடி கருகும் வாடை, நசுக்கினா பொடியாகும் சாம்பல்: அசல் கம்பளி. உருகி கெட்டி மணியானா செயற்கை இழை. அதை மடிக்காதீங்க.

6/ சுட்டுட்டா, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். மோதிரம், வளையலை உடனே கழட்டுங்க. பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். ஒட்டினதைப் பிய்க்காதீங்க. முகம், கை, மூட்டுன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க.

7/ வார்டில் தினமும் இதையே சொல்றவன், வீட்டில் சொல்லாம விட்டுட்டேன். நீங்க இன்னைக்கே சொல்லிடுங்க.