இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு டிவி

கொச்சி சுள்ளிக்கல்லில் எங்கள் சந்துக்கு வீடியோ கேம் வந்தது துபாயிலிருந்து. தொண்ணூறுகளின் நடுவில், லீவில் வந்த பக்கத்து வீட்டு இக்காவின் (அண்ணனின்) பெட்டியில், சென்ட் பாட்டில்களுக்கும் டைகர் பாம் டப்பிகளுக்கும் நடுவில் அது இருந்தது. நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாமின் நகல் அது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எங்களுக்கு அது வெறும் டிவி கேம். அதில் செருகுவது கேசட். கேசட்டின் மேல் 99,99,999 ஆட்டங்கள் என்று ஒட்டியிருக்கும். உள்ளே இருந்தவை பத்துப் பதினைந்துதான். மீதியெல்லாம் அதே ஆட்டம் வேறொரு கட்டத்திலிருந்து தொடங்கும். எங்களுக்கு அந்தப் பதினைந்தே போதுமானதாக இருந்தது.

இக்கா வீட்டில் இருந்தது கெல்ட்ரான் டிவி. ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு கேமின் வயரைச் செருகி, டியூனிங் குமிழை மெல்லத் திருக வேண்டும். புள்ளிப்புள்ளியாக இரைந்துகொண்டிருக்கும் திரையில் ஒரு நிறம் தெரியும், நழுவும், மறுபடி தெரியும். படம் நிலைத்ததும் கூடத்தில் ஒரு சத்தம் எழும். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, எங்கள் வீட்டுத் தமிழ் எல்லாம் கலந்த சத்தம். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுக் கிடங்குகளை நம்பி வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள். வீட்டுக்கு ஒரு பாஷை. ஆனால் 'சாடு, சாடு' (குதி, குதி) என்று கத்தும்போது எல்லோருக்கும் ஒரே பாஷை.

அந்தக் கேசட்டில் இருந்த, வாத்து சுடும் டக் ஹண்ட் ஆட்டத்தின் துப்பாக்கியைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அதிலிருந்து எதுவும் திரைக்குப் பாய்வதில்லை. குழலுக்குள் வெளிச்சத்தை உணரும் சின்ன சென்சார் ஒன்று உண்டு, அவ்வளவுதான். விசையை அழுத்தியதும் திரை கண்ணிமைக்கும் நேரம் கறுத்துப்போகும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். குழல் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால் வாத்து விழும். பிக்சர் டியூப் டிவி சிக்னல் வந்த கையோடு படத்தை வரையும் என்பதை நம்பிச் செய்த வேலை இது. இன்றைய எல்.இ.டி. டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, சற்றுத் தாமதித்துக் காட்டுகிறது. அந்தச் சிறு தாமதத்தில் துப்பாக்கி குருடாகிவிடுகிறது. டியூப் டிவி போனபோது அதோடு ஒரு விளையாட்டு வகையே போய்விட்டது.

இருவர் சேர்ந்து ஆடும் காண்ட்ராவில் மூன்றாவது கட்டம் அருவி. இருவரும் பாறை பாறையாக மேலே ஏற வேண்டும். ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு மேலே போகும், கீழே பின்தங்கியவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். "எடா, பதுக்கே!" (டேய், மெதுவா!) என்று தோளில் இடி விழும். கூட இருப்பவனுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை எந்த வகுப்பிலும் எங்களுக்கு அவ்வளவு நன்றாகச் சொல்லித் தரவில்லை. நான் விளையாடியதிலேயே மிகச் சிறப்பாக வடிவமைத்த கட்டம் அதுதான் என்று இன்றும் சொல்வேன். கொனாமி 1988இல் ஃபேமிகாமுக்குப் போட்ட ஆட்டம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ கோடி ரூபாய் கொட்டி எடுத்த ஆட்டங்களை ஆடிவிட்டேன். பக்கத்தில் இருப்பவனின் முழங்கை இடிக்கும் நெருக்கம் அவற்றில் இல்லை.

கொச்சியின் உப்புக்காற்று கேசட்டை விடாது. அடிப்பக்கச் செம்புப் பட்டைகள் கறுத்துவிடும், திரையில் வெறும் கட்டங்கள் வரும். எல்லோரும் வாயால் ஊதுவார்கள். எச்சில் ஈரம் பட்டால் பட்டை இன்னும் கெடும் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒரு சேட்டன் சரியான வழியைக் காட்டினார். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலரவிட்டுச் செருக வேண்டும். செத்த கேசட் எழுந்துவிடும். திறந்து பார்க்கவும் துடைக்கவும் நம் கைக்கு இடம் கொடுத்த பொருள் அது.

பிறகு பிளேஸ்டேஷன் 2 வந்தது. உலகத்தில் 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. எங்களில் யார் வீட்டிலும் அது இல்லை. தோப்பும்படிப் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைக்குப் போவோம். பெஞ்சு போட்ட சின்ன அறை. கால்பந்து ஆட்டம் ஓடும்போது பின்னால் ஏழெட்டுப் பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பிரேசில் கட்சி, அர்ஜென்டினா கட்சி என்று கடையே இரண்டாகப் பிரிந்துவிடும். அந்தக் கடை இப்போது இல்லை. இக்கா வீடும் இடிந்து அங்கே ஃப்ளாட் எழுந்துவிட்டது.

பழசு எல்லாமே உசத்தி என்று நான் சொல்லவில்லை. மின்சாரம் போனால் ஆட்டம் முழுதும் போய்விட்ட காலம் அது. ஆட்டத்தைச் சேமித்து வைக்க முடிகிற இன்றைய வசதியை மனமார வரவேற்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பல ஆட்டங்களை விளையாட ஒவ்வொரு முறையும் எங்கோ இருக்கும் சர்வரின் தயவு வேண்டியிருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்ற 'தி க்ரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. டிஸ்க் கையில் இருந்தவர்களாலும் அதற்குப் பிறகு விளையாட முடியவில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. நான் அறிந்தவரை, நம் ஊரில் இந்த ஆட்டங்களைக் காப்பாற்ற வீட்டுப் பரண்களை விட்டால் வேறு இடம் இல்லை.

உங்கள் பரணில் டியூப் டிவியோ பழைய டிவி கேமோ கிடந்தால் பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பட்டைகளைத் துடைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கொடுங்கள்.