இடாப்பு இடம் மாறிய கதை

தமிழாசிரியராகிய யாம் கணினியைப் பற்றி எழுதப் புகுந்தமை பழைய மாணவர் சிலர்க்கு நகையை விளைக்கலாம். கணினிக்கூடப் பொறுப்பு எம்பால் வந்தது அதிபரின் ஆணையாலேயன்றி எம் தகுதியாலன்று.

கூடத்தில் மாணவன் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டதும், அவன் இன்னான் என்று உறுதி கூறுவது ஒரு தனிச் சேவையகம். அது கைக்கொள்ளும் முறைக்குக் கேர்பெரோஸ் என்று பெயர். மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1983 இல் தொடங்கிய அதீனா திட்டத்திற் பிறந்த இம்முறைக்கு, கிரேக்க புராணத்திற் பாதாள வாயில் காக்கும் முத்தலை நாயின் பெயரை இட்டனர். இங்குக் கடவுச்சொல் கம்பி வழியே செல்வதேயில்லை. அதிலிருந்து ஆக்கிய திறவுகோலாற் சேவையகம் பூட்டி அனுப்பும் விடையை உரியவனே திறக்க வல்லவன். பின்பு சில மணி நேரத்துக்கு, அவன் பெற்ற சீட்டே சான்று.

பழைய இயந்திரத்தில் இயங்கிய லினக்ஸ் சென்ட்ஓஎஸ் 7 ஆகும். அதற்கான பராமரிப்பு 2024 யூன் 30 உடன் நின்றது. திருத்தம் பெறாத இயந்திரத்திடம் மாணவர் அனைவரின் திறவுகோல்களையும் விட்டுவைத்தல் தகாது. ஆதலால், தவணை விடுமுறையிற் கொழும்பிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர், டெபியன் 12 நிறுவிய புதிய சேவையகத்துக்கு அனைத்தையும் மாற்றித் தந்தார்.

"சேர், பட்டியலை மட்டும் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை, அதைப் பூட்டின தலைத் திறப்பும் கூடப் போகவேணும்" என்றார்.

பிரதி செய்தல் சில நிமிடங்களில் முடிந்தது. நேரங்கொண்டது இடாப்பே. கல்லூரியை விட்டு நீங்கியோர் பெயர்கள் பல அதில் இருந்தன. சிலர் தொறன்ரோவில், சிலர் இலண்டனில். ஒருவன் இன்று உயிரோடில்லை. பயன்படாத பெயர் கள்வனுக்குத் திறந்த கதவு என்று அவர் அழிக்கச் சொன்னார். அது மெய்யே. ஆயினும் யாம் வேறொன்றை எண்ணினோம். எம் ஊரிற் பாட்டன் பெயர் பேரனுக்கு வரும். தமையன் படித்த வகுப்பில் அவன் பெயரை ஒத்த மற்றொருவன் வந்து சேர்வான். அழித்த பெயரைப் புதியவனுக்கு வழங்கின், முன்னவனுக்குத் தந்த உரிமைகள் எங்கேனும் நீக்கப்படாது கிடப்பின், அவையும் புதியவனைச் சாரும். இதைக் கேட்டதும் அவர் சிரித்து, "சேர் சொல்லுறது சரி" என்றார். பெயரை வைத்துக்கொண்டே, இனிச் சீட்டு வழங்கலாகாது என்று குறிக்கும் வழி அம்முறையிலேயே உண்டு. மாலைவரை இருந்து ஒவ்வொன்றாகக் குறித்தோம். மறைந்தவன் பெயர் வந்தபோது இருவரும் பேசவில்லை.

கணினிகள் சேவையகத்தைப் பெயரால் அழைப்பனவாதலின், அப்பெயரைப் புதியதற்குச் சூட்டியதே போதுமாயிற்று. எனினும் சரியான கடவுச்சொல்லை இட்டும் முதற்கணினி உட்செல்ல மறுத்தது. அதன் கடிகாரம் பின்தங்கியிருந்தது. இரு கடிகாரங்களும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபடின் கேர்பெரோஸ் ஏலாது. எமது கல்லூரி மணிகூட இத்துணைக் கண்டிப்புடையதன்று!

தவணை தொடங்கிய அன்று மாணவர் பழைய கடவுச்சொற்களையே இட்டு உட்புகுந்தனர். ஒருவரும் ஒன்றும் வினவவில்லை. பழைய வட்டு அலுமாரியிற் பூட்டியிருக்கிறது. அடுத்த விடுமுறையில் வந்து அதை முற்றாக அழித்துத் தருவதாக அவர் கூறிச் சென்றுள்ளார்.