இருபது வயதின் முகம்

"இந்த வயதில் உனக்கு என்னப்பா கவலை?" என்று வாலிபர்களைப் பார்த்துப் பெரியவர்கள் கேட்பது நம் வீடுகளில் வழக்கம். இக்கேள்விக்கு விடையாக ஒரு சித்திரத்தைக் காட்டலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. பாப்லோ பிக்காஸோ 1901-ம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் தீட்டிய தம் சொந்த உருவந்தான் அது. அப்போது அவருக்குப் பிராயம் இருபது.

படத்தில் பகட்டு ஒன்றும் இல்லை. பின்னணி முழுவதும் வெறும் நீலம். மேஜையோ ஜன்னலோ கிடையாது. கழுத்துவரை மூடிய கனத்த கரிய மேலங்கி. அதற்குமேல் வெளிறிய ஒரு முகம், ஒட்டிய கன்னங்கள், அடர்த்தியற்ற தாடி, நம்மையே நோக்கும் களைத்த கண்கள். பெயரைச் சொல்லாமல் என் மாணவர்களிடம் இப்படத்தைக் காட்டினேன். "நாற்பது வயது இருக்கும், ஸார்" என்றார்கள்.

இருபது வயதில் இந்த முதுமை எப்படி வந்தது? 1900-ல் பிக்காஸோவுடன் ஸ்பெயினிலிருந்து பாரிஸுக்கு வந்த நண்பர் கார்லஸ் காஸாகேமாஸ். காதலில் மனமுடைந்த அவர், 1901 பிப்ரவரியில் அந்நகரிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிக்காஸோ அச்சமயம் ஸ்பெயினில் இருந்தார். அந்த நண்பரின் நினைவே தம்மை நீல வர்ணத்துக்கு இழுத்துச் சென்றதென்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். சித்திர ஆசிரியரின் புதல்வரான அவருக்கு எந்த வர்ணமும் கைவந்தது. அவ்வாண்டு ஜூனில் வொல்லார் என்பவரின் சித்திரசாலையில் அவர் காட்சிக்கு வைத்த படங்களில் ஒளிமிக்க வர்ணங்கள் துள்ளின. அவ்வழியே போயிருந்தால் பணம் எளிதாக வந்திருக்கும். அவரோ 1904 வரையில் குருடர்களையும், இரவலர்களையும், ஏழைத் தாய்மார்களையும் நீலத்திலேயே எழுதினார். தம் துக்கம் பிறர் துக்கத்தைக் காணும் கண்ணாயிற்று.

சுய உருவத்தில் ஒரு துளிக் கண்ணீரும் இல்லை. துயரத்தை அவர் மறைக்கவும் இல்லை, பறைசாற்றவும் இல்லை. உலகப் புகழும் பெருஞ் செல்வமும் அடைந்த பின்னரும் அப்படத்தை அவர் விற்கவில்லை. 1973-ல் தமது 91-வது வயதில் காலமாகும் வரை தம்மிடமே வைத்திருந்தார். இன்று அது பாரிஸில் அவர் பெயர் தாங்கிய காட்சிசாலையில் இருக்கிறது.

எல்லா வாலிபர்களுக்கும் தூரிகை கிட்டுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மௌனமாக மூலையில் உட்கார்ந்திருந்தால், அந்த முகமும் ஒரு சித்திரமே. வயதைச் சொல்லி அதைக் கடிந்துகொள்ள வேண்டாம். அருகில் அமர்ந்து, சற்று நேரம் பொறுமையாகப் பார்ப்போம்.