நன்றியும் நகைப்பும்

போர்முனையிலிருந்து மீண்ட வீரனை அமெரிக்கத் திரைப்படம் நெடுங்காலமாக நோயாளியாகவே கண்டுவந்துள்ளது. வியட்நாம் யுத்தத்தின் பின் வெளிவந்த ‘டக்சி ட்ரைவர்’ (1976), ‘த டியர் ஹண்டர்’ (1978), ‘ஃபெர்ஸ்ட் பிளட்’ (1982) ஆகியவற்றில் வீடு திரும்பியவன் அமைதியிழந்தவன், உடைந்தவன். ஷோன் முலின் எழுதி நெறிப்படுத்திய ‘அமீரா அன்ட் சாம்’ (2014) இம்மரபிலிருந்து விலகி நிற்கிறது. தாமும் இராணுவ அதிகாரியாக இருந்தவரான முலின், தம் கதைநாயகனைத் தெளிந்த மனத்தினனாகவே படைத்தார். நோய், அவன் திரும்பிவந்த சமூகத்திலே காணப்படுகிறது.

கதை 2008ஆம் ஆண்டுக் கோடையில் நியூயோர்க்கில் நிகழ்கிறது. ஈராக்கில் தனக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்த பஸாமின் வீட்டில் சாம் (மார்ட்டின் ஸ்ரார்) அமீராவை (டீனா ஷிஹாபி) சந்திக்கிறான். திரைப்படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தெருவில் விற்கும் அவளுக்கு அமெரிக்கச் சிப்பாய் என்றாலே வெறுப்பு. பொலிஸாரிடமிருந்து தப்பியவள் அவனுடைய இல்லத்திலேயே ஒளிந்திருக்க நேர்கிறது. வெறுப்பு மெல்லக் கனிந்து காதலாகிறது. மறுபுறம், முதலீட்டு நிறுவனம் நடத்தும் ஒன்றுவிட்ட சகோதரன் சார்லி, முன்னாள் வீரர்களின் பணத்தைக் கவர்வதற்குச் சாமின் படைச்சேவையைத் தூண்டிலாக்குகிறான்.

விமர்சகர் பலர் முதன்மை நடிகர் இருவரதும் இயல்பான நடிப்பையும் இணைவின் மென்மையையும் பாராட்டினர். நிதியுலகக் கிளைக்கதை காதற் கதையோடு ஒட்டவில்லை என்பதும், எதிர்ப் பாத்திரங்கள் ஆழமற்றவை என்பதும் அவர்தம் குறைபாடுகள். பாத்திரவார்ப்பைப் பொறுத்தவரை இது நியாயமான கணிப்பே. சார்லியின் சுயநலத்திற்கு ஓர் உட்போராட்டமேனும் தந்திருந்தால் அவன் வலுப்பெற்றிருப்பான்.

ஆயினும் அக்கிளைக்கதையை நீக்கிவிட்டு நோக்கின் எஞ்சுவது யாது? இனிமையான காதல் ஒன்று மட்டுமே. சார்லியின் உலகம் சாமுக்கு நன்றி கூறுகிறது. அந்நன்றியை உடனே பணமாக்கவும் முனைகிறது. அதே போரில் அதே படையினரோடு உயிரைப் பணயம் வைத்த பஸாமுக்கு அந்த நன்றியிற் பங்கில்லை. அமீரா செல்வர் கூடும் விருந்தொன்றில் ஐயத்துக்கும் இகழ்ச்சிக்கும் உள்ளாகிறாள். படைக்கு உதவிய ஈராக்கியருக்கு ஆண்டுக்கு 5,000 விசேட விசாக்கள் வழங்க அமெரிக்கா சட்டமியற்றியதும் இதே 2008இன் தொடக்கத்திலேதான். சட்டம் வாயிலைத் திறந்தாலும், உள்ளே வந்தவரை எவ்வாறு வரவேற்பது என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இவ்வுண்மையைக் காதற் காட்சிகள் மட்டும் உணர்த்தியிரா.

நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை முதலாவதாக வைத்தது தொல்காப்பியம். இப்படத்திலே எள்ளுபவர் யார், எள்ளப்படுபவர் யார் என்பதே ஒருவரது தரத்தை அளக்கும் கோலாகிறது. மேடையேறி நகைச்சுவை பேச விழையும் சாமும், காதல் நகைச்சுவைப் படங்களில் ஈடுபாடுகொண்ட அமீராவும் ஒருவரையொருவர் சிரிக்கவைக்கக் கற்கின்றனர். விருந்து மண்டபத்துச் சிரிப்போ வந்தவளைத் தள்ளிவைக்கும் சிரிப்பு. இவ்விரு சிரிப்புகளையும் அருகருகே நிறுத்திக் காண்பதற்கு விமர்சகர் குறைகண்ட அந்தக் கிளைக்கதையே இடமளிக்கிறது. அது செப்பமாகச் செதுக்கப்படவில்லை என்பது மெய். தேவையற்றது என்பது மெய்யன்று.