அனந்தபுரியில் ஒரு தமிழ்த்தாய்

திருவனந்தபுரம் போகிறவர்கள் பத்மநாபசுவாமியைத்தான் தேடிப் போவார்கள். நான் பாளையத்துக்குப் போனேன். அன்றைய மகாராஜா கல்லூரிதான் இன்று அங்கே பல்கலைக்கழகக் கல்லூரி. சுற்றிலும் மலையாளப் பேச்சு. அந்த வாசலில் நின்றபோது எனக்கு உடல் சிலிர்த்தது. தமிழ்நாட்டில் எந்த அரசு விழாவிலும் நாம் எழுந்து நின்று கேட்கும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் இங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர்!

அவர்தான் பெ. சுந்தரம் பிள்ளை; 1855இல் ஆலப்புழையில் பிறந்தார். அந்த வாழ்த்து இடம்பெற்ற அவருடைய நாடகம் 'மனோன்மணீயம்' 1891இல் வெளிவந்தது. கதையின் வித்து லிட்டன் பிரபுவுடையது, களம் பாண்டிய நாடு, எழுதியவர் வாழ்ந்ததோ திருவிதாங்கூர் மன்னரின் தலைநகரம். தமிழ்நாடு என்றொரு மாநிலத்தை அன்று யாரும் எண்ணியும் பார்த்ததில்லை. அவரோ நிலமகளின் முகத்திலே தமிழுக்கு ஓர் இடம் குறித்துவிட்டார். 1890இல் அச்சேறிய கவிதையில் ஐரிஷ் கவிஞர் யேட்ஸும் லண்டனில் இருந்துகொண்டுதான் அயர்லாந்தின் ஏரித்தீவுக்கு ஏங்கினார். நாட்டின் உருவம் விளிம்பில் நிற்பவனுக்கே முழுதாகத் தெரியும்போலும்.

இதே ஊரின் பேரூர்க்கடையில் சுந்தரம் பிள்ளையின் வீட்டுக்குப் பெயர் ஹார்விபுரம். தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரைத் தமிழ்ப் புலவர் ஒருவர் வீட்டுக்கு வைத்ததை எண்ணி எண்ணி வியந்தேன்.

1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றபோது, மலையாளம் முதலிய மொழிகள் தமிழிலிருந்து பிறந்ததாகச் சொல்லும் அடிகளை விட்டுவிட்டார்கள். அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. இந்த ஊரில் நின்று பார்த்தால் விட்டது சரியென்றே படுகிறது. இதே கல்லூரியில் தத்துவம் படித்த உள்ளூர் பரமேசுவர ஐயர்தான் பின்னாளில் 'உமாகேரளம்' பாடி மலையாளத்தின் மகாகவியானார். ஒரே கூரையின் கீழிருந்து இரண்டு மொழிகளுக்கும் பெருமிதம் கிடைத்திருக்கிறது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் நம் பக்கம் வந்தன. அனந்தபுரி கேரளத்தோடு நின்றது. சாலைக் கடைத்தெருவில் நாகர்கோவில்காரர் ஒருவரிடம், "அண்ணாச்சி, சுந்தரம் பிள்ளை இங்கதான இருந்தாரு?" என்றேன்.

"ஆமா, பேரூர்க்கடைல. ஊர்ல எம் பேத்தி பள்ளிக்கூடத்துல தினமும் அவரு பாட்டத்தான பாடுதா!" என்று சொல்லிக்கொண்டே மிளகைத் தராசில் கொட்டினார்.