ஆறு அங்குலத் திரைக்குள் ஒரு செய்தியோடை

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் வேலை பார்க்கிற தங்கைகளிடம் "செய்தி எதுல பாக்குறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வாட்ஸப்ல வரும்க்கா." யார் எழுதியது, எப்போது எழுதியது என்பது அதில் இருக்காது. மூன்று வருடத்துக்கு முந்தைய வன்கொடுமைச் செய்தி நேற்று நடந்ததுபோல வரும். கல்வி உதவித்தொகை அறிவிப்பு, விண்ணப்பிக்கும் கடைசி நாள் போனபிறகு வரும்.

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு கைப்பேசிகளில் பரவியது. கூட இருந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல்தான் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். வதந்தியைக் கண்டிப்பது எளிது. நம்பத்தக்க செய்தி அவர்கள் கைக்கு எந்த வழியில் வந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் செய்தியோடை வாசிப்பான் ஒன்றைப் போடலாம் என்று முடிவெடுத்தது இதனால்தான். இதன் தொழில்நுட்பப் பெயர் ஆர்எஸ்எஸ். பெயரைச் சொன்னதும் மாணவர்கள் முறைத்தார்கள்; தோழர்களே, அது வேறு, இது வேறு. ஒரு தளத்தில் புதிதாக ஏதாவது வந்தால் அதன் தலைப்பு, தேதி, சுருக்கம், சுட்டி எல்லாவற்றையும் ஒரு சிறு கோப்பாக அந்தத் தளமே வெளியிடும். வாசிப்பான் அவற்றைத் திரட்டி நேர வரிசையில் காட்டும். நடுவில் எதை மேலே தூக்குவது, எதைப் புதைப்பது என்று முடிவுசெய்ய ஆள் கிடையாது. 1999-இல் வந்த நுட்பம். 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் இந்த ஓடைகளைத் திரட்டித்தான் நூற்றுக்கணக்கான தமிழ் வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டியது. முப்பது வயதைத் தாண்டிய பலர் சாதி பற்றிய காரசாரமான விவாதங்களை முதலில் படித்தது அங்கேதான். 2013 ஜூலையில் கூகுள் தன் ரீடரை மூடியதும் எல்லோரும் ஃபேஸ்புக் பக்கம் போய்விட்டோம். ஓடை வற்றவில்லை, பார்ப்பவர்கள்தான் குறைந்தோம்.

கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் வாசிப்பான் ஒன்றைக் குறைந்த வாடகைச் சர்வரில் நிறுவினோம். அது சுலபம். சிக்கல் திரையில்தான். நான் பார்த்த பழைய வடிவமைப்புகள் பலவும் மேசைக் கணினிக்கானவை: இடதுபக்கம் தளங்களின் பட்டியல், நடுவில் தலைப்புகள், வலதுபக்கம் கட்டுரை. இதைக் கைப்பேசியில் திறந்தால் எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். காரணம், 'வியூபோர்ட்' என்ற ஒரு வரியைப் பக்கத்தின் தலையில் சேர்க்காவிட்டால், உலாவி அதை ஏறக்குறைய 980 புள்ளி அகலப் பக்கமாக எண்ணிச் சுருக்கிவிடும். நம் பிள்ளைகள் வைத்திருக்கும் கைப்பேசியின் அகலம் 360 புள்ளிதான். 2010-இல் ஈதன் மார்காட் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, திரைக்கு ஏற்ப வளையும் பக்கங்கள் வழக்கத்துக்கு வந்தன. நாங்களும் மூன்று பத்தியை ஒன்றாக்கினோம்: முதலில் தலைப்புகள், தொட்டால் கட்டுரை, தளப் பட்டியல் ஒரு பொத்தானுக்குள்.

பாலிடெக்னிக் முடித்த தம்பி ஒருவர்தான் நிரல் எழுதினார். நான் செய்தது களப்பணி. ஷிப்ட் முடிந்து வரும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் விரல் எங்கே போகிறது என்று பார்ப்பது. எம்.ஏ. சமூகவியலில் படித்த பங்கேற்பு உற்றுநோக்கல் இப்படியும் பயன்பட்டது.

தமிழுக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஆங்கிலத்துக்குப் பழகிய 14 புள்ளி எழுத்தில் தமிழ் நெரிசலாகிறது. மேலே கொக்கி, கீழே சுழி. எழுத்தை 18-ஆகவும் வரி இடைவெளியை 1.7 மடங்காகவும் வைத்தபிறகுதான் கண் வலிக்கவில்லை என்றார்கள். தலைப்பை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று நிரலில் சொன்னால் அது புள்ளியைப் பிரித்துவிடும், 'க்' வெறும் 'க' ஆகிவிடும். அதனால் எழுத்தை எண்ணாமல் இரண்டு வரியோடு நிறுத்தச் சொன்னோம்.

பொத்தான்கள் எல்லாம் திரையின் அடியில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், 48 புள்ளி உயரத்தில். பேருந்தில் ஒரு கை கம்பியில் இருக்கும். விரலால் தள்ளிப் பக்கம் மாற்றும் வசதியை விட்டுவிட்டோம். கண்ணாடி விரிசல் விட்ட கைப்பேசிகளில் அது வேலை செய்வதில்லை. படங்கள் தொட்டால் மட்டுமே இறங்கும். கடைசி 50 பதிவுகளின் எழுத்து கைப்பேசியிலேயே சேமிப்பாகும், டேட்டா தீர்ந்தாலும் படிக்கலாம். சில ஆலைகளில் உள்ளே போகும்போது கைப்பேசியை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுகிறார்கள். ஆகவே படிக்கக் கிடைப்பது போகவர ஆகும் பேருந்து நேரம்தான்.

படிக்காதவை எத்தனை என்று சிவப்பில் காட்டும் எண்ணையும் நீக்கினோம். எட்டு மணி நேரம் இலக்கு எண்ணிக்கையோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு இங்கேயும் ஒரு இலக்கா?

எனக்கு முக்கியமானது பகிர்வுப் பொத்தான். அதை அழுத்தினால் தலைப்போடு தளத்தின் பெயரும் தேதியும் சேர்ந்தே வாட்ஸப்புக்குப் போகும், பிரித்து அனுப்ப வழி வைக்கவில்லை. 1907-இல் அயோத்திதாசர் இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பெயர் வைத்தார். விலையே தடையாக இருக்கக் கூடாது என்ற கணக்கு அதில் தெரிகிறது. இன்றைக்குச் செய்தி இலவசம். தேதியும் ஊரும் உள்ள செய்திதான் கிடைப்பதில்லை.

பெரிய சண்டை நடந்தது ஐகானுக்காக. முகப்புத் திரையில் அம்பேத்கர் படம்தான் இருக்க வேண்டும் என்றார்கள் மாணவர்கள். வாகன உதிரிபாக ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நான் வாடகைக்கு இருக்கற வீட்ல என்ன ஆளுன்னு கேட்டாங்க. நான் சொல்லல. போன அங்கதான் சார்ஜ் போடுறேன்." இன்னொருவர், சங்கம் என்ற சொல் வெளியே தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றார்.

ஒளிந்துகொண்டா அம்பேத்கரைப் படிப்பது என்று ஒரு மாணவர் கொதித்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் இருபது வயதில் அப்படித்தான் பேசியிருப்பேன். ஆனால் வெளிப்படையாக இருப்பதன் விலையை யார் கட்டுவது? கல்லூரி விடுதியில் இருப்பவர் அல்ல. இந்த மாதமே வீட்டைக் காலிசெய்ய வேண்டி வருபவர்தான். அந்த முடிவை அவருக்குப் பதிலாக ஒரு வடிவமைப்பாளர் எடுக்க முடியாது. நீலச் சதுரத்துக்குள் 'ஓ' என்ற எழுத்து மட்டும் வைத்தோம். விரும்புகிறவர்கள் அமைப்புக்குள் போய் அம்பேத்கர் படத்தைத் தேர்ந்துகொள்ளலாம். உள்ளே நுழைய கைப்பேசி எண்ணும் கேட்பதில்லை, ஒரு புனைபெயரும் கடவுச்சொல்லும் போதும்.

மீதி வேலை நிறைய இருக்கிறது. எங்களுக்கு வேண்டிய அரசுப் பக்கங்கள் சிலவற்றில் ஓடையே இல்லை. ஆணை, சுற்றறிக்கை எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். அவற்றை இரண்டு மாணவிகள் வாரத்துக்கு இரண்டு முறை படித்து, நான்கு வரியில் தட்டச்சு செய்து எங்கள் சொந்த ஓடையில் சேர்க்கிறார்கள். ஒடிசா, பீகார் தோழர்கள் அறைகளில் பெருகிவிட்டார்கள், பொத்தான்களின் பெயர் இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும். ஒடியா எழுத்தின் உயரத்துக்கு இந்த 1.7 போதுமா என்று பக்கத்து அறை ஒடிசா பையன்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், அடுத்த ஞாயிறு அதற்குத்தான்.